ஏகாதசி முயல்கள்

நாய்கூட இன்றைக்கு விரதம் என்று அந்த டீக்கடைக்காரர் சொன்னபோது எல்லாரையும்போல நானும் சிரித்தேன். ஆழியாறு அணையைத் தாண்டி, வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு முன்னால் இருந்த கடை. நெற்றியில் ஈரம் காயாத நாமம். எங்கள் மூன்று பேருக்கும் ஆற்றிக் கொடுத்தவர் தனக்கென்று ஒரு மடக்கு எடுத்துக்கொள்ளவில்லை. என் கணவர் நெடுமாறனுக்கு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. "நீங்க ஒண்ணு அடிக்கலையாண்ணே?" என்றார். "இன்னைக்கு வைகுண்ட ஏகாதசிங்க. பச்சத்தண்ணி கெடையாதுங்க." "வீட்டுல எல்லாருக்குமா?" "எல்லாருக்குந்தானுங்க. எங்கூட்டு நாய்கூட இன்னைக்கு வெரதமுங்க. நாளைக்குக் காலைல நாங்க வாயில வெச்சப்பொறந்தான் அதுக்கு." பெஞ்சில் இருந்த லாரிக்காரர்கள் சிரித்தார்கள், இவர் சிரித்தார், நான் சிரித்தேன். நறுமுகை மட்டும் "பாவம்ப்பா" என்றாள். பதினோரு வயதில் எல்லாமே பாவம்தான். "அதுக்கும் புண்ணியந்தானே பாப்பா" என்று கடைக்காரர் அவளுக்கு ஒரு வர்க்கி பிஸ்கட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். இப்போது வண்டி ஏறிக்கொண்டிருக்கிறது. கீழே அணை ஒரு தகரத் துண்டு மாதிரி கிடந்தது, அடுத்த வளைவில் அதுவும் இல்லை, பனி மூடிவிட்டது. அந்தச் சிரிப்பு மட்டும் பாக்குத் தூள் மாதிரி பல்லிடுக்கில் எங்கேயோ நிற்கிறது. நாக்கு அங்கேயே போகிறது. எதற்கு? ஒரு மனிதர் விளையாட்டாக ஒன்று சொன்னார். உண்மையாகவே இருந்தாலும் நாய்க்குக் கால் இருக்கிறது, தெருவுக்குப் போகும், குப்பையைக் கிளறும், இன்னொரு வீட்டு வாசலில் வாலை ஆட்டி நிற்கும். பசித்தால் குரைக்கும். நாயைப் பற்றி நான் ஏன் இவ்வளவு நினைக்கிறேன் என்று தெரியவில்லை. கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பள்ளத்தில் தெரியாத எதையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஹாரனுக்குத் திரும்பவில்லை. குரைக்கும். ஆமாம், நாய் குரைக்கும்.

திருவரங்கத்தில் குடியிருந்துகொண்டு ஏகாதசியை மறக்க முடியாது. நான் மறக்கவில்லை. ஏகாதசிக்குப் பயந்துதான் ஊரைவிட்டே கிளம்பினோம். தெருமுனையில் தடுப்புக் கட்டை, மூங்கில் தட்டி, ஒலிபெருக்கி, வீட்டுப் படியில் தலைக்குப் பையை வைத்துத் தூங்குகிற வெளியூர்க்காரர்கள், ஒரு வாளித் தண்ணீருக்குக் கதவைத் தட்டுகிறவர்கள். ஸ்கூட்டரை வெளியில் எடுக்க முடியாது. இந்த வருஷம் அரையாண்டு விடுமுறையும் சேர்ந்து வந்தது, நாலு நாள் வால்பாறை என்று இவர் முடிவு பண்ணிவிட்டார். ஆக எனக்கு ஏகாதசி தெரியும். எங்கள் வீட்டு முயல்களையும் தெரியும். ஒரு வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் தனித்தனி அறையில் இருப்பதுபோல அந்த இரண்டும் என் தலைக்குள் ஒன்றையொன்று பார்க்காமலே இருந்திருக்கின்றன. ஒரு மாதமாக இந்த முயல்களை எங்கே விடுவது என்பதைத் தவிர வேறு யோசனையே எனக்கு இல்லை. வெள்ளை முயலுக்குப் பொரி என்று பெயர், பழுப்புக்குக் கடலை. நறுமுகை வைத்த பெயர்கள். தில்லைநகரில் பிராணிகளைக் காசுக்குப் பார்த்துக்கொள்ளும் கடை ஒன்றுக்குப் போனேன். உள்ளே வரிசையாக நாய்கள், ஒரே குரைப்பு, பூனைகள் கம்பிக்குப் பின்னால் வீங்கிப்போய் நின்றன. முயல் பயத்திலேயே செத்துப்போகும் என்று கடைக்காரப் பெண்ணே சொல்லி அனுப்பிவிட்டாள். வீட்டு வேலைக்கு வரும் செல்வராணி, "எங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேங்க்கா, ஆனா எங்க வீட்டுக்காரரு கொழம்பு வெச்சுப்புடுவாரு, முன்னாடியே சொல்லிப்புட்டேன், அப்பறம் என்னையக் கேக்கக் கூடாது" என்றாள். கேட்டுவிட்டு நறுமுகை ஒரு வேளை சாப்பிடவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பத்மாசனி மாமி கதவைத் திறந்துகொண்டு வந்து, "ஏண்டி கோதை, என்னைக் கேக்கணும்னு உனக்குத் தோணவே இல்லையா?" என்றார். என் முழுப் பெயர் பூங்கோதை. மாமிக்கு அதில் பாதி போதும், அந்தப் பாதி ஆண்டாள் பெயர் என்பதில் அவருக்கு ஒரு திருப்தி. "ரெண்டு ஜீவன். அதுகளுக்கு என்ன பெரிய சமையலா பண்ணப் போறேன்? தழையைக் கிள்ளிப் போட்டா ஆச்சு. கூண்டை எங்காத்துக் கூடத்துலயே வெச்சுடு. மாமியார் கட்டில் கிடந்த இடம் சும்மாத்தானே கிடக்கு." இவருக்கு ஒரே சந்தோஷம். "ஐயங்கார் வீடு. முட்டை ஓடுகூட உள்ள போனதில்ல. முயலுக்கு இதைவிடப் பத்திரமான இடம் இந்த உலகத்துலயே கிடையாது" என்றார். நேற்று மதியம் கம்பிக் கூண்டை நாங்கள் இருவருமாகத் தூக்கிக்கொண்டு போனோம். கட்டில் இருந்த இடத்தில் சுவரில் தலை உராய்ந்த தடம் ஒன்று இன்னும் இருந்தது, எண்ணெய்ப் பிசுக்காக, ஒரு கை அகலத்துக்கு. சுண்ணாம்பு அடிக்கவில்லை போலும். கூண்டை அதன் கீழே வைத்தோம். மாமி குனிந்து பொரியைப் பார்த்தார். அது அதன் சிவப்புக் கண்ணால் அவரைப் பார்த்தது. "எங்க மாமியார் பாக்கற மாதிரியே பாக்கறது" என்றார். நாங்கள் அதற்கும் சிரித்தோம் என்று நினைக்கிறேன்.

முயல் குரைக்காது. இதுதான். நாக்கு இதைத்தான் தேடிக்கொண்டிருந்தது. முயல் எதையும் கேட்காது. பசித்தாலும் வலித்தாலும் ஒரு மூலையில் உடம்பைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற ஜாதி, தூங்குகிறதா முழித்திருக்கிறதா என்று வளர்த்தவர்களுக்கே சட்டென்று தெரியாது. வாய் அசைந்துகொண்டிருந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான் அடையாளம். முதல் மழைக்காலத்தில் கடலை ஒரு நாள் தின்னாமல் கிடந்தபோது கால்நடை டாக்டரிடம் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினேன். அவர் அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார், கருவிகூட இல்லாமல். "முயலோட குடல் ஒரு மில்லு மாதிரிங்கம்மா. ராத்திரி பகல் ஓடிட்டே இருக்கணும். ஒரு நாள் பட்டினி போட்டா நின்னுரும். நின்னுட்டா அப்புறம் நீங்க அல்வாவே வெச்சாலும் தின்னாது. பாத்துக்கிட்டே இருக்கும், போயிரும்." பாத்துக்கிட்டே இருக்கும். அந்த மருத்துவர் சொன்னதை நான் மாமியிடம் சொன்னேனா? சொன்னேன். எப்போதும் தழை இருக்கணும் மாமி என்றேன். எப்போதும் என்ற சொல்லுக்குள் ஏகாதசி அடங்குமா என்று நான் கேட்கவில்லை. நேற்று தசமி. மாமிக்குத் தசமியன்று ஒரு வேளைதான், ராத்திரி கிடையாது. இன்று ஏகாதசி, தண்ணீர்கூட இல்லை. நாளைக் காலை துவாதசிப் பாரணையில்தான் விரதம் முடியும், அகத்திக்கீரை, நெல்லிக்காய். இதெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும், பக்கத்து வீட்டில் இத்தனை வருஷம் பார்க்கிறேன். நேற்று மதியத்திலிருந்து நாளைக் காலை வரை. சே, மாமி அப்படிச் செய்வாரா? மனிதர்களுக்கு உள்ளது மனிதர்களுக்கு. அவர் படித்தவர், தினமும் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர். மொட்டை மாடியில் காக்கைக்குச் சாதம் வைக்காமல் ஒரு நாள் சாப்பிட்டதில்லை. ஏகாதசியன்று காக்கைக்கு வைக்கிறாரா? வைத்துப் பார்த்ததாக நினைவில்லை. அன்றைக்கு வடிக்கிறதே இல்லையே, எதை வைப்பார்? ஏகாதசியில் காக்கைகள் மொட்டை மாடிச் சுவரில் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டுச் சும்மா போகும். அதையும் நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக வருகிறது. கைபேசியை எடுத்தேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ஒரு வளைவில் ஒரு கோடு வந்தது, அடுத்த வளைவில் போனது. "மலையைப் பாரேன், போனைப் பாக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் இவர். மலை எங்கே இருக்கிறது? கண்ணாடிக்கு வெளியே வெள்ளையாக ஏதோ இருந்தது, அதற்குள் மரங்கள் பாதிப் பாதியாக நின்றன.

இரண்டாவது தடவை கோடு வந்தபோது அழைப்பு போனது. மூன்றாவது மணியிலேயே மாமி எடுத்துவிட்டார். "சொல்லுடி கோதை. மலை ஏறியாச்சா? குளிர்றதா?" குரலில் பட்டினியின் களைப்பே இல்லை, வெயிலில் காய்ந்த துணி மாதிரி மொடமொடவென்று இருந்தது. "ஏறிக்கிட்டிருக்கோம் மாமி. சொர்க்கவாசல் சேவிச்சீங்களா?" என்றேன். முதலில் அதைத்தான் கேட்டேன். நம்முடைய மரியாதை இப்படித்தான் இருக்கிறது, வீடு பற்றி எரிந்தாலும் சௌக்கியமா என்று ஆரம்பித்தால்தான் அடுத்த சொல் வரும். "ஆஹா, விடியக்காலம் அப்படி ஒரு சேவை. நெரிசல்ல கால் தரையிலயே படலை, யாரோ தூக்கிண்டு போய் விட்ட மாதிரி இருந்தது." "முயலுங்க எப்படி இருக்கு மாமி?" "சமத்துடி. ரெண்டும் அப்படிச் சமத்து. நேத்து தசமியோன்னோ, ராத்திரி எனக்கும் ஒண்ணும் கிடையாது, அதுகளுக்கும் ஒண்ணும் கிடையாது. மிச்சம் கிடந்த தழையெல்லாம் விளக்கு வெக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். தண்ணிப் புட்டியையும் அலம்பிக் கவுத்தாச்சு. இதோ, பெருமாளைப் பாத்துண்டு என்கூட உக்காந்துண்டிருக்குகள். ஒண்ணும் கேக்கலை. கேக்கவே இல்லைடி. என்ன ஒரு பக்குவம்!" கைப்பையை மடியில் அழுத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினேன். பின்னால் நறுமுகை தூங்குகிறாள், அவள் காதில் விழக்கூடாது. "மாமி, அதுங்க தாங்காது மாமி. டாக்டர் சொல்லியிருக்காரு." "என்ன ஆயிடும்?" என்றார். எதிர்த்துக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டார். செத்துப்போகும் என்ற சொல்லை, இன்றைக்கு, அந்தக் கூடத்துக்குள் எப்படிச் சொல்வது? "உடம்புக்கு ஏதாவது ஆயிடும் மாமி" என்றேன். அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம். அப்புறம் மிகவும் கனிவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல, "ஆனாத்தான் என்னடி? இன்னிக்கு ஆறதுக்குன்னா குடுத்து வெச்சிருக்கணும்" என்றார். நான் அதற்கு என்ன சொன்னேன் தெரியுமா? "சரிங்க மாமி" என்றேன். கோடு போய்விட்டது.

கேக்கவே இல்லைடி. இதை எங்கே கேட்டிருக்கிறேன்? இதே குரலில், இதே இழுப்போடு, பக்குவம் என்ற சொல்லோடு. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது. போன வருஷம். கண்ணாடிப் பெட்டியின் பக்கத்தில். பெரிய மாமி, அதாவது மாமியின் மாமியார், போன வருஷம் வைகுண்ட ஏகாதசியன்றுதான் போனார். பக்கவாதம் வந்து பேச்சு நின்று நாலு வருஷம் அந்தக் கட்டிலில் கிடந்தார். கண் மட்டும் சுற்றிவரும். மாமி அவரைப் பார்த்துக்கொண்ட மாதிரி பெற்ற பெண்ணும் பார்க்க மாட்டாள், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது, இப்போதும் கிடையாது. முதுகில் ஒரு புண் வந்ததில்லை. நாளுக்குப் பல தடவை புரட்டிப் போடுவார், விபூதி டப்பா மாதிரி ஒரு டப்பாவில் பவுடர் வைத்துக்கொண்டு மடிப்பு மடிப்பாகத் துடைப்பார். வேளாவேளைக்குக் கஞ்சியை, கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற வெள்ளிப் பாலாடையில் எடுத்து உதட்டோரமாக விடுவார். எங்கள் சமையலறைக்கும் அவர்கள் கூடத்துக்கும் ஒரே சுவர். ஒவ்வொரு மடக்குக்கும் பிறகு பாலாடையைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டி வழிப்பார், டங், டங் என்று கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே நான் உலையை இறக்கியிருக்கிறேன். பெரிய மாமி போன அன்றைக்கு நறுமுகைக்குக் காய்ச்சல், நான் வீட்டில்தான் இருந்தேன். ரசம் வைத்தேன். பகல் முழுக்கத் தெருவில் ஒலிபெருக்கி, கோவிந்தா கோவிந்தா என்று கூட்டம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. முதல் நாளும் சாயங்காலத்துக்குமேல் கேட்கவில்லை. இப்போது இந்த வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு அந்தச் சுவரில் காதை வைத்துக் கேட்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை. கூட்டத்தின் இரைச்சலில் எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம். கடைசி நாட்களில் கஞ்சி இறங்காமல் இருந்திருக்கலாம். அப்படித்தான் இருக்கும். மறுநாள் துவாதசிக் காலை எடுத்துக்கொண்டு போனார்கள். தடுப்புக் கட்டைகளை விலக்கி வழிவிட்டது போலீஸ். கோயிலிலிருந்து திரும்புகிற ஜனங்கள் பாடையைப் பார்த்து நடுத்தெருவில் கைகூப்பினார்கள். ஒரு அம்மாள் விழுந்தே சேவித்தாள். ஏகாதசி மரணம், துவாதசி தகனம், எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே நின்றார்கள். எடுப்பதற்கு முன்னால், பெட்டியின் பக்கத்தில், மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நேத்து பூரா ஒரு வாய் தண்ணி கேக்கலைடி. கேக்கவே இல்லை. என்ன ஒரு பக்குவம்!" நானும் ஆமாம் மாமி என்றேன். பேச்சு போய் நாலு வருஷம் ஆன ஒருத்தி எப்படிக் கேட்பாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கண்ணால் கேட்டிருப்பாளோ? கண் மட்டும் சுற்றிவருமே. எங்க மாமியார் பாக்கற மாதிரியே பாக்கறது. ஐயோ, நான் என்னத்தையோ எங்கேயோ கொண்டுபோய் முடிச்சுப் போடுகிறேன். இரண்டு முயலுக்குத் தழை போடவில்லை என்பதற்காக ஒரு புண்ணியவதியை. ஆனால் பொரி அந்தப் பிசுக்குத் தடத்துக்குக் கீழேதான் இப்போது உட்கார்ந்திருக்கிறது. மாமி எதிரில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பூரிப்போடு.

"என்னடி, முகமே செத்துப்போச்சு?" என்றார் இவர். "வாந்தி வருதா? எலுமிச்சம்பழம் டேஷ்போர்டுல இருக்கு." "முயலுக்கு நேத்து சாயங்காலத்துலேருந்து ஒண்ணும் போடலையாம். நாளைக்குத்தான் போடுவாங்களாம்." ஒரு நொடி புரியாமல் என்னைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "எங்கப்பா ஆயுசு முழுக்கப் பகுத்தறிவுன்னு மேடை மேடையாப் பேசினாரே பூங்கோதை! ஒருத்தரோட விரதத்தை நிறுத்த முடியலை. இப்ப முயலையும் அவங்க கட்சியில சேத்துட்டாங்களா?" "வண்டியத் திருப்புங்க." "எங்க திருப்பறது? பக்கத்துல பாத்தியா, பாதாளம். இப்பத் திரும்பினாலும் நாம போய்ச் சேர்றதுக்குள்ள அவங்க பாரணைக்குக் கீரை அரிய ஆரம்பிச்சிருவாங்க. வேற யாருக்காவது போன் போடு." வேறு யார்? கீழ்வீட்டுக்காரர்களும் எங்களைப்போலக் கூட்டத்துக்குப் பயந்து ஊருக்குப் போய்விட்டார்கள். மாமியின் மகன் புனேயில் இருக்கிறான். செல்வராணியை அனுப்பினால் இன்றைக்கு மாமி வாசல் நிலைக்கு உள்ளே விடமாட்டார். "நீயே கண்டிச்சுச் சொல்லு. நம்ம முயல்தானே?" "சொன்னா, ஆனாத்தான் என்னங்கறாங்க." "யார், மாமியா?" சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பின் சீட்டில் நறுமுகை புரண்டு, "பொரிக்கு என்னம்மா?" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "ஒண்ணுமில்ல, தூங்கு." கண்ணைத் திறக்காமல் தூங்குகிற பிள்ளை, எவ்வளவு நிம்மதி. இவர் கியரை மாற்றினார். "பொரிக்கு என்ன வயசு?" "ரெண்டு. எதுக்கு?" "எங்க ஆபீஸ் ராஜகோபாலன் சார் ஒவ்வொரு ஏகாதசிக்கும் கேன்டீன் வாசல்ல நின்னுக்கிட்டு வடை வாசனையப் பிடிச்சுப் புலம்புவாரு. சாஸ்திரப்படி எட்டு வயசுக்குக் கீழ இருந்தா விரதம் கிடையாதாம், எண்பதுக்கு மேல போனாலும் கிடையாதாம். நடுவுல மாட்டிக்கிட்டேன்யா, எனக்கு எண்பது எப்ப வரும்னு இருக்கும்பாரு. மாமிகிட்டச் சொல்லு, உங்க சாஸ்திரத்துலயே முயல் மைனர்னு." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். எண்பதுக்கு மேல போனாலும். வருகிறவர்களிடமெல்லாம் மாமி கட்டிலில் கிடந்த பெரிய மாமியைக் காட்டிப் பெருமையாகச் சொல்வார், "எண்பத்திமூணு வயசு, சர்க்கரை கிடையாது, ஒரு மாத்திரை கிடையாது." எண்பத்திமூன்று. அந்தச் சாஸ்திர விதியில் ஒரு பாதி முயலுக்கு. இன்னொரு பாதியை நான் எங்கே வைப்பது? "நிறுத்துங்க" என்றேன். "இங்கயா?" "கோடு இருக்கு. நிறுத்துங்க."

வளைவில் கொஞ்சம் அகலமான இடம், ஒரு மைல்கல், அதற்குமேல் பனி. கதவைத் திறந்ததும் காது அடைத்தது, இவ்வளவு அமைதியை என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கேயோ தண்ணீர் விழுகிறது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றுகொண்டு அழைத்தேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார், கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "நடுவுல அறுந்துபோச்சுடி." "மாமி, அதுங்க சின்னதுங்க மாமி. ரெண்டு வயசுதான் ஆகுது." "ம்." "எட்டு வயசுக்குக் கீழ இருந்தா விரதம் கிடையாதுன்னு சாஸ்திரத்துலயே இருக்காமே." அங்கே நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை விழுங்கினேன். மின்விசிறி சுற்றியது. தூரத்தில், அந்த ஊர்த் தெருவில், காணாமல்போன ஒரு குழந்தையின் சட்டை நிறத்தை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீலச் சட்டை, நீலச் சட்டை. "எண்பதுக்கு மேலயும் கிடையாது" என்றார் மாமி. ஒருத்தர் தொடங்கிய பாசுரத்தை அடுத்தவர் முடிப்பதுபோலச் சொன்னார். "எனக்குத் தெரியாதா?" அப்புறம் முழங்காலில் கையூன்றி எழுந்திருக்கும் மூச்சு. பாதங்கள் நடந்தன. குளிர்ப்பெட்டிக் கதவு திறந்தது, செய்தித்தாள் பிரிந்தது, கூண்டின் கம்பிக் கதவு கிறீச்சிட்டது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன், கல் ஈரமாக இருந்தது. "போட்டிருக்கேண்டி" என்றார். "பழுப்பு திங்கறது." "வெள்ளை?" "மோந்து பாத்துது. மூஞ்சியைத் திருப்பிண்டுடுத்து." நின்றுவிட்டதா? மில் நின்றுவிட்டதா? "கொஞ்சம் தண்ணி காட்டுங்க மாமி. வாய்கிட்டக் காட்டுங்க." ஒரு அலமாரி திறந்தது. கிண்ணத்தில் தண்ணீர் விடும் சத்தம். பிறகு, டங். எனக்கு மிகவும் பழக்கமான சத்தம். உலோகத்தில் உலோகம் தட்டி வழிக்கிற சத்தம். "குடி, குடி, குடிடா கண்ணா" என்று மாமி மிக மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார், "குடிங்கோ, ஒரு மடக்கு, இதோ, ஒரு மடக்குதான்." குடிடா என்பது குடிங்கோ ஆனதை அவர் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது. நேரம் போனது. வண்டியிலிருந்து இவர் என்ன ஆச்சு என்று கையை ஆட்டிக் கேட்டார். "இறங்கறது" என்றார் மாமி. குரல் உடைந்திருந்தது. "இறங்கறதுடி. ஆங், தழையையும் எடுத்துண்டுடுத்து. கேக்கறதா பாரு." கைபேசியைக் கூண்டருகே வைத்திருக்க வேண்டும். சின்னதாக, ஈரமாக, இடைவிடாமல் நறுக் நறுக்கென்று அரைபடும் சத்தம். இரண்டு வாய்கள். நான் இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், தின்கிறது. அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மாமி மறுபடி பக்கத்தில் வந்தார், தரையில் உட்கார்ந்திருக்கிறார்போல, மூச்சு கீழேயிருந்து வந்தது. "கோதை." "சொல்லுங்க மாமி." "வேற ஏதாவது கேக்கணுமாடி என்னை?" பனி சாலையைக் கடந்து போய்க்கொண்டிருந்தது, மைல்கல் மறைந்தது, திரும்பத் தெரிந்தது. கோபம் இல்லை அந்தக் குரலில். வாசல் விளக்கைப் போட்டுவிட்டு யாராவது வருவார்களா என்று உட்கார்ந்திருக்கிறவரின் குரல். "கேளேன்" என்றார். நான்கு நாளில் அந்த வீட்டுக்குத் திரும்பிப்போக வேண்டும். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உலை வைக்க வேண்டும். "இல்ல மாமி" என்றேன், "அவ்வளவுதான்." "சரி. மலையில பசிக்கும். நேரத்துக்குச் சாப்பிடு. குழந்தைக்கும் குடு" என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் முயல்கள் தின்றுகொண்டே இருந்தன.